வேதகிரியின் தம்பி மகன்

நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும், வரம்பை மிஞ்சிய நிலத்தைக் காப்பாற்ற, செத்துப்போன தம்பிக்கு இல்லாத ஒரு மகனை உண்டாக்கினார் வேதகிரி. பெயர் பச்சமுத்து. பம்பாயில் வேலை. மிஞ்சிய நிலம் அவன் பெயரில்.

"நல்லவன்னு சொன்னா எவனும் நம்ப மாட்டான் ஆண்டே. கொஞ்சம் கெட்ட பயக்கம் வெய்யுங்க" என்றான் பண்ணையாள் சின்னராசு.

இவனுக்கு இதில் என்ன அக்கறை என்று வேதகிரிக்குச் சந்தேகம். ஆனாலும் யோசனை சரியாகப் பட்டது. ஊருக்கு வரும்போதெல்லாம் பச்சமுத்து சீட்டாடினான். கோபம் வந்தால் சோற்றுத் தட்டை வீசினான். கூலியாட்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தான் சின்னராசு.

விசாரணைக்கு வந்த அதிகாரி யாரையும் லேசில் நம்பாதவர். கூலியாட்களை ஒவ்வொருவராக மடக்கினார்.

"தட்டை வீசுனதை நீ பார்த்தியா?"

"எம்மேலதான் சாமி வுழுந்துச்சி. கொயம்புல உப்பு ஜாஸ்தியாம்."

அதிகாரி சிரித்துவிட்டார். "சரி, நிலம் பச்சமுத்துவோடதுதான்."

வேதகிரி மூச்சு விட்டார்.

அப்போது சின்னராசுவின் தங்கை மலர்க்கொடி, இடுப்பில் குழந்தையோடு முன்னால் வந்தாள்.

"அப்போ அந்த நெலத்த எங்கையில குடுங்க சாமி. பச்சமுத்துதான் எம் புருசன். எங்களைத் தவிக்கவுட்டுட்டுப் பூட்டாரு."

"ஆமா சாமி, நாங்கதான் பந்தல் போட்டோம்" என்றார்கள் கூலியாட்கள்.

"இன்னாய்யா, நெஜமா?" என்று வேதகிரியைக் கேட்டார் அதிகாரி.

பொய் என்றால், அதே வாய்கள் சாட்சி சொன்ன பச்சமுத்துவும் பொய்யாகிவிடுவான். சட்டத்தை ஏமாற்றியதற்கு வேதகிரி ஜெயிலுக்குப் போக வேண்டும்.

"நெஜந்தாங்க" என்றார் வேதகிரி. "எங்க வூட்டு மருமவதான்."