ஆசுபத்திரி வண்டி

"பேரைச் சொல்லுங்கம்மா. எந்த ஆபீசரு அது? மீதிய நாங்க பாத்துக்கறோம்."

மண்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தபடி கேட்டாள் அம்சவல்லி. மந்தாரக்குப்பம் அடிபம்பைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பெண்கள். எல்லோரும் நிலக்கரிச் சுரங்கத்தில் காண்ட்ராக்டில் மண் சுமப்பவர்கள். நடுவில் தமயந்தி. டவுன்ஷிப் மாதர் சங்கத்திலிருந்து வாரம் தவறாமல் வருகிறவள். குழந்தைகளுக்குப் பால்பவுடர், பெரியவர்களுக்குப் புத்திமதி, இரண்டும் கொண்டுவருவாள். பால்பவுடர்தான் சீக்கிரம் தீரும்.

தமயந்தி புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"பேரு எதுக்கு? ஆளைக் காட்டினா போதாதா?"

விஷயம் இதுதான். ஆசுபத்திரி வண்டி பெர்மனென்ட் ஆட்களின் வீட்டுக்குத்தான் வரும். காண்ட்ராக்ட் ஆட்கள் கூப்பிட்டால் வராது. வண்டியை அனுப்பும் உத்தரவு ஒரு ஆபீசர் கையில். போன மாதம் ருக்குமணிக்கு வலி கண்டு மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். பாதி வழியிலேயே பிள்ளை பிறந்தது. பிழைக்கவில்லை. இப்போது தனத்துக்கு நிறைமாதம், தலைப்பிரசவம். வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஓரமாக நின்றவளைப் பார்க்கும்போதெல்லாம் தமயந்திக்கு ருக்குமணியின் நினைவுதான் வந்தது.

"அந்த ஆளுகிட்ட நீங்க பேசிப் பாத்தீங்களா?" என்றாள் ராஜாம்பாள்.

"பேசாம இருப்பேனா? வேளை கெட்ட வேளையில எல்லாம் பேசிட்டேன். ரூல்ஸ்ல இடமில்லைங்கறாரு. அதுக்கு மேல பேசினா பேப்பரை விரிச்சு முகத்தை மறைச்சுக்கறாரு."

"உக்காரவாவது சொல்வாரா?"

"நின்னுக்கிட்டேதான் பேசுவேன்."

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள்.

"கல்நெஞ்சுக்காரன்!"

"அப்படிச் சொல்லாதீங்க" என்றாள் தமயந்தி அவசரமாக. "நல்ல மனுஷன்தான். ரூல்ஸ்னு வந்துட்டாத்தான் ஆளே மாறிப்போயிடறாரு."

அம்சவல்லிக்குப் பொறுமை போய்விட்டது. "சரி, எனக்குத் தெரிஞ்ச ஆபீசருங்க பேரா நான் சொல்லிகினு வரேன். நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க. நல்லசாமி?"

தமயந்தி இல்லையென்று ஆட்டினாள்.

"ராஜேந்திரன்?"

அதுவும் இல்லை.

"சண்முகசுந்தரம்?"

தமயந்தி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆளு ஆப்டுகினாரு!" என்று ராஜாம்பாள் கைதட்டினாள்.

அம்சவல்லிக்கோ தமயந்தியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "பேரைக் கேட்டதுக்கே இப்படிப் பயப்படறீங்களே! உங்க வூட்டுக்காரரும் அங்கதான வேலை? வெளிய தெரிஞ்சா அவரு வேலைக்கு எதுனா வந்துடுமா?"

"அவங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. நாளைக்குக் காலையில ஆபீஸ் ஜீப் வர்றதுக்கு முன்னால வாங்க, வீட்டைக் காட்டறேன். ஆனா நீங்கதான் பேசணும். என் பேச்சு அங்க எடுபடாது."

மறுநாள் காலை. வராதே என்று அத்தனை பேர் சொல்லியும் தனம் கூடவே நடந்து வந்தாள். "எனக்காகத்தான போறீங்க. நான் வராம எப்பிடி?" என்றாள்.

குரோட்டன்ஸ் வேலி போட்ட ஒரு குவார்ட்டர்ஸைத் தமயந்தி கைநீட்டிக் காட்டினாள். காட்டிய கையோடு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் போய் நின்றுவிட்டாள்.

சண்முகசுந்தரம் பேப்பரும் கையுமாக வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"என்ன இது? எதுவானாலும் ஆபீசுக்கு வந்து பேசுங்க."

"ஆபீசு வாசப்படிய எங்கள யாருங்க மிதிக்க வுடறாங்க?" என்றாள் அம்சவல்லி. "கரி எடுக்க ஆரம்பிச்சு ரெண்டு வருசம் ஆவுது. அதும் மேல கெடந்த மண்ண சொமந்தது நாங்களுந்தான். சொமக்கறதுக்கு நாங்க வேணும், புள்ள பெக்க வண்டி கேட்டா மட்டும் ரூல்ஸுங்களா?"

"காண்ட்ராக்ட் ஆளுங்களுக்குக் காண்ட்ராக்டர்தாம்மா பொறுப்பு. ரூல்ஸ்ல..."

அவர் முடிக்கவில்லை. "அக்கா" என்று முனகியபடி தனம் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நெற்றியெல்லாம் வேர்வை. வலி எடுத்துவிட்டது.

சண்முகசுந்தரத்தின் கையிலிருந்து பேப்பர் நழுவியது. அவரை அழைத்துப் போகிற ஜீப் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"ஏத்துங்க! ஜீப்புல ஏத்துங்க!" என்று கத்தினார். "டிரைவர், நேரா ஆசுபத்திரிக்குப் போ. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

பெண்கள் தனத்தைத் தாங்கிப் பிடித்துப் பின்பக்கமாக ஏற்றினார்கள். அம்சவல்லி மட்டும் அவரை விடவில்லை.

"இவ போயிடுவா. அடுத்தவளுக்கு வலி கண்டா, அய்யா?"

சண்முகசுந்தரம் ஜீப்பைப் பார்த்தார். உள்ளே தனம் பல்லைக் கடித்துக்கொண்டு அழுவது கேட்டது.

"அடுத்தவங்களுக்கும் வண்டி வரும். இன்னிக்கே உத்தரவு போடறேன். ரூல்ஸுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

அம்சவல்லி கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் அதைக் கவனிக்காமல் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"தமயந்தி! ஒரு போர்வை எடுத்துக்கிட்டு ஓடி வா! இந்தப் பொண்ணுகூட நீயும் போ!"

வீட்டுக்குள்ளிருந்து பதில் இல்லை. ஜீப்புக்குள்ளிருந்து வந்தது.

"நான் ஏறிட்டேங்க! போர்வை பீரோவுலதான் இருக்கு, நீங்க எடுத்துக்கிட்டு வாங்க!"

அவர் போர்வை எடுக்க உள்ளே ஓட, அம்சவல்லி கன்னத்தில் கைவைத்துக்கொண்டு ராஜாம்பாளைப் பார்த்தாள்.

"அடியே, அது பயமில்லடி... புருசன் பேருடி!"