ஆட்டுப்பால்

சீனத்துப் பட்டு மதினிக்கு, மாசிக்கருவாடு தங்கைக்கு.

மாஜிதா அந்தக் கருவாட்டுப் பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள். வயிறு எரிந்தது.

அண்ணன் சேக் முகைதீன் அன்று காலைதான் கொழும்பிலிருந்து ராஜபாளையம் வந்து சேர்ந்திருந்தான். சாத்தூரில் ரயிலை விட்டு இறங்கி, அங்கிருந்து விடிய விடிய மாட்டுவண்டி. வந்த களைப்பு மருந்துக்கும் இல்லை. மதியச் சாப்பாடு முடிந்ததுமே பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, போன ஒரு வருஷத்தையும் சேர்த்து விரிக்க ஆரம்பித்துவிட்டான்.

தூத்துக்குடியில் கப்பலேறியது. வழியெல்லாம் குடலைப் புரட்டியது. யார் யார் கடையிலோ நின்று வேலை பார்த்துவிட்டு, கொழும்பு புறக்கோட்டைக் கடைத்தெருவில் சொந்தமாகத் துணிக்கடை போட்டது. விக்டோரியா ராணி இறந்த சேதி வந்த அன்று கடைகளை அடைத்தது. கண்டிக்கு ரயிலில் போனது. தோட்டத்துத் துரை ஒருவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கியது. துரை கை குலுக்கியதை மட்டும் மறுபடியும் சொன்னான்.

மாஜிதாவின் புருஷன் அபுபக்கரும் அந்த வருஷமெல்லாம் பயணம்தான் போனான். தலையில் துணிமூட்டையோடு தளவாய்புரம் போனான், சோழபுரம் போனான், வன்னியம்பட்டி போனான். எங்கே போனாலும் ராத்திரிச் சோற்றுக்கு வீடு வந்துவிடுவான். அதை யாரிடம் உட்கார்ந்து விரிப்பது?

அண்ணனைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மதினி நூர்பானு பட்டைத் தோளில் போட்டு அழகு பார்த்துவிட்டு, நீயும் போட்டுப் பார் என்று பெரிய மனசோடு நீட்டினாள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாழ வந்த நாள் முதல் மதினிக்கு எல்லாம் கேட்காமலே கிடைத்தது. அண்ணன் கப்பலேறிய பிறகு ஆண்பிள்ளை பிறந்தது. கொஞ்ச நாள் தள்ளி, நடுவில் ஒரே சுவர் உள்ள பக்கத்து வீட்டில், மாஜிதாவுக்குப் பெண் பிறந்தது.

அந்தப் பெண்ணை அண்ணன் மகனுக்கே கட்டிவைக்க வேண்டும் என்ற ஆசை மாஜிதாவுக்கு எப்போதும் உண்டு. இந்தப் பெட்டியும் கடையும் அப்போதுதானே தன் பக்கமும் கொஞ்சம் திரும்பும்? ஆனால் மதினியின் தம்பி வீட்டிலும் ஒரு பெண்பிள்ளை தொட்டிலில் கிடந்தது. பையன் பிறந்த கையோடு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பேசி முடித்துவிட்டதாக ஊரெல்லாம் பேச்சு. மாஜிதா அதை அப்படியே நம்பினாள்.

அண்ணன் பெட்டியின் அடியிலிருந்து ஒரு சிமிழை எடுத்தான். பிள்ளைக் கழுத்து அளவுக்கு ஒரு தங்கச் சங்கிலி.

மாஜிதாவின் மடியில் தூங்கிய மகளுக்குத்தான் அது என்றான். சும்மா இல்லை, நிச்சயச் சங்கிலியாம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பேச்சை நூர்பானுவே வேண்டாமென்று நிறுத்திவிட்டாளாம். என் மகன் மாஜிதா மகளுக்குத்தான் என்று கொழும்புக்கே ஆள் மூலம் சொல்லியனுப்பினாளாம்.

மாஜிதா மதினியைப் பார்த்தாள்.

"நான் காய்ச்சல்ல கிடந்த மாசம், பச்சப்பிள்ளைக்கு ஆட்டுப்பால் ஊத்தி உசுரக் காப்பாத்துனவ நீதானட்டி. அதுக்கு ஒனக்கு நான் வேற என்னத்தச் செய்ய?"

ஒரு கணம் மாஜிதாவின் நெஞ்சு நிறைந்துபோனது. கடை, கப்பல், கண்டி எல்லாம் இனி மகளுக்கு. மதினியைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்புறம்தான் ஆட்டுப்பால் நினைவுக்கு வந்தது.

ஆடு கறந்தது உண்மை. காய்ச்சி ஆற்றியதும் உண்மை. பையன் அதைக் குடிக்கவும் செய்தான். ஆனாலும் மதினி நினைவில்லாமல் கிடந்தபோது, யாரும் இல்லாத நேரம் பார்த்து, மாஜிதா அவனைத் தன் மார்பில் போட்டுக்கொண்டாள். அவன் பசிக்காக இல்லை. எல்லாம் மதினிக்கே கிடைக்கிறதே, இவன் ஒருவனாவது என்னைத் தேடி அழட்டும் என்றுதான். மாதம் முழுக்கக் கொடுத்தாள். மதினி எழுந்து உட்கார்ந்து கையை நீட்டியபோது பையன் போக மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்றைக்கு மாஜிதாவுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. எப்படியும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிற பிள்ளைதானே என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளைகள் கூடப்பிறந்தவர்கள். அவர்களுக்குள் நிக்காஹ் ஆகாது. இது தெரியாத முஸ்லிம் வீடு கிடையாது.

யாரும் பார்க்கவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

அண்ணன் குனிந்து சங்கிலியைப் பிள்ளையின் கழுத்தில் சுற்றினான். கொக்கி சின்னது, அவன் விரல் பெரியது. மாட்ட வரவில்லை. தங்கையைப் பார்த்து, நீயே மாட்டிவிடு என்று சிரித்தான்.

மாஜிதா கொக்கியை வாங்கினாள். செத்த நேரம் அதை விரலில் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு சங்கிலியை உருவி அண்ணன் கையில் வைத்தாள்.

"வேண்டாம்ணே. இவ அவனுக்குத் தங்கச்சி."

அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மதினிக்கு விளங்கிவிட்டது. பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகனை வெடுக்கென்று தூக்கி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். அவன் அவள் பிடியில் திமிறி, மாஜிதாவிடம் போகவேண்டும் என்று இரண்டு கையையும் நீட்டி அழுதான்.