குங்குமம் வைத்த டிஸ்க்குகள்

படத்தின் ஒரே பிரதி, ஒரு பெட்டியில் செருகிய ஆறு ஹார்ட் டிஸ்க்குகளில் இருந்தது. ஒன்று செத்துவிட்டதாகப் பெட்டி அலறியதும், சிவப்பாகத் தெரிந்ததைத் தயாரிப்பாளர் பாண்டுரங்கன் சடக்கென்று உருவினார். எடிட்டர் சுகிர்தா பாய்ந்து வந்து பார்த்தாள். அது விளக்கில்லை, ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம். உருவியது நல்ல டிஸ்க். செத்ததோடு சேர்த்து இரண்டு போயாயிற்று. ஆனாலும் திரையில் நாயகி சிரித்தபடி ஓடிக்கொண்டுதான் இருந்தாள்.

சுகிர்தா துள்ளிக் குதித்தாள். "ரெண்டு போனாலும் தாங்குற செட்டப்தான் வேணும்னு உங்ககிட்ட எவ்ளோ சண்டை போட்டேன் சார்! பாத்தீங்களா!"

"அடேங்கப்பா!" பாண்டுரங்கனின் கண்கள் மின்னின. "நான் ஒண்ணுதானேம்மா உருவினேன்? இன்னொண்ணு உருவலாம்ல?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் விரல்கள் அடுத்த குங்குமத்தைத் தொட்டிருந்தன.