நாலு கிளைக் கொம்பு

"கொம்புல எத்தனை கிளை எண்ணுன, வெர்ன்?" சோதனைச் சாவடியில் வேட்டை அதிகாரி டார்லா கேட்டார்.

"நாலு. புதருக்கு மேல தெளிவா தெரிஞ்சுது."

"நாலுக்குக் குறைஞ்ச ஆண் எல்க் மானைச் சுடக் கூடாது. தெரியுமில்ல?"

"தெரியாம என்ன? மந்தையில ஆண் மானே இல்லாமப் போயிடும்னுதானே இந்தச் சட்டம்? அதான் ரெண்டு தடவை எண்ணிட்டுச் சுட்டேன்."

டார்லா அவனுடைய வண்டியில் கிடந்த தார்ப்பாயை விலக்கினார். கொம்பில் நாலு கிளைகள் சரியாக இருந்தன. அதற்கடியில் வெர்னின் தம்பி ராய்ஸ், காலையில் தானே வேட்டையாடிய மானின் அந்தத் தலையை முதுகில் சுமந்தபடி, கட்டிய கயிறு அவிழாமலேயே குண்டு பாய்ந்து செத்துக் கிடந்தான்.

"சுமந்துட்டு வரும்போது உசிருள்ள மான்னு நினைச்சு யாரும் சுட்டுடாம இருக்க, கொம்புல ஆரஞ்சுத் துணி கட்டணுமே. ஏன் கட்டல?"

வெர்ன் தன் பையைத் திறந்து காட்டினான். இருவருக்குமான துணியும் மடிப்புக் கலையாமல் அதிலேயே இருந்தது.