நான்கு நாள் போர்நிறுத்தம்

அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டு மணி பத்து நிமிடம். நான்காம் மாடிக் கூட்ட அறையில், ஒரு லட்சத்து எழுபதாயிரம் வீரர்கள் மோதிக்கொண்டிருந்த ஒரு போரை நிறுத்துவது பற்றிப் பேச்சு தொடங்கியது.

மேசை நடுவே ஸ்பீக்கரில் போட்ட போன், அதில் முதலாளி. சுற்றிலும் மேலாளரும் பத்து ஊழியர்களும், ஆறிப்போன தேநீரும், ஒரு சர்க்கரை டப்பாவும்.

வீரர்கள் எல்லாம் கணினிக்குள் ஓடும் பொம்மைகள். அந்த இணைய விளையாட்டை இலவசமாக ஆடுபவர்கள் எண்பதாயிரம் பேர். காசு கொடுத்து ஆடுபவர்களை ஒரே வேனில் ஏற்றிவிடலாம். அவர்களிலும் ‘சக்கரவர்த்தி’ என்ற பெயரில் ஆடும் ஒருவரால்தான் கம்பெனி வண்டி ஓடியது.

விளையாட்டில் வரும் யானைக்குச் சிறகு வைக்கலாம் என்று ஓவியர் இரண்டு வருடம் கெஞ்சியபோது முதலாளி சிரித்தார். சென்ற மாதம் சக்கரவர்த்தி ஒரே ஒரு வரி எழுதினார். சிறகு முளைத்துவிட்டது.

மூலையில், விளையாட்டின் போர்க்கள வரைபடம் போடும் பெண் உட்கார்ந்திருந்தாள். பதினெட்டாம் தேதி அவள் அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. கூட இருக்க வேறு ஆள் இல்லை. மூன்று முறை விடுப்பு கேட்டிருந்தாள். மூன்று முறையும் முதலாளி, “போர் நடக்கறப்ப லீவா?” என்று கேட்டு முடித்துவிட்டார்.

“படிங்க,” என்றார் முதலாளி.

மேலாளர் படித்தார். “பதினெட்டு முதல் இருபத்தொன்று வரை போர்நிறுத்தம். அந்த நான்கு நாளும் வரைபடத்தில் ஒரு புல்கூட அசையக் கூடாது. மீறினால் வேறு விளையாட்டுக்குப் போய்விடுவேன். இப்படிக்கு, சக்கரவர்த்தி.”

“எப்ப வந்துச்சு?”

“இப்பதான் சார். எப்பவும் மத்தியானம் ஒண்ணுலேர்ந்து ரெண்டுக்குள்ளதான் எழுதுவார். சோறு தண்ணி மறந்து விளையாடற மனுஷன்.”

“தெய்வம்யா அவர். நீங்கள்லாம் சாப்பிடறது அவர் போடற சோறு, ஞாபகம் வச்சுக்கங்க. போரை நிறுத்திடுங்க.”

“நிறுத்திடலாம் சார். ஆனா மேப் போடற பொண்ணுக்குக் கை சும்மா இருக்காது. எதையாவது நகர்த்தி வச்சுடும்.”

போனில் முதலாளி தொண்டையைக் கனைத்தார்.

“அப்ப நாலு நாளும் அதை ஆபீஸ் பக்கமே வர வேணாம்னு சொல்லுங்க.”

“சம்பளத்துல பிடிக்கணுமா சார்?”

“பிடிச்சா கோவத்துல வேற ஏதாவது பண்ணி வைக்கும். கொடுத்துத் தொலைங்க.”

முதலாளி போனை வைத்தார். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு சர்க்கரை டப்பாவைத் திறந்து, தன் சட்டைப்பையிலிருந்து சில நோட்டுகளை மடித்து உள்ளே போட்டு, பக்கத்தில் தள்ளினார்.

டப்பா கை மாறி மேசையைச் சுற்றியது. ஆளுக்கு ஒரு நோட்டு உள்ளே விழுந்தது. மூலையில் இருந்தவளும் தன் பங்குக்குப் போட்டாள்.

திரும்பி வந்த டப்பாவில் இருந்ததை மேலாளர் எண்ணினார்; இந்த மாதம் சக்கரவர்த்தி விளையாட்டுக்குக் கட்ட வேண்டிய தொகை சரியாக இருந்தது. டப்பாவை இறுக்கி மூடினார்.

“சரி, அடுத்த மாசம் யாரு சக்கரவர்த்தி?”