வான்கோழி எழுந்திருக்காத வழக்கு

வாத்தின் முட்டையைத் தின்றுவிட்டதாகக் கீரிமேல் வழக்கு. ஆனால் அந்த முட்டை புதருக்குள் முழுசாகக் கிடப்பதை அரசு வக்கீல் வான்கோழி பார்த்துவிட்டது. ஜெயிக்கிற வழக்கை விட மனசு வருமா? யார் கண்ணிலும் படாமலிருக்க, கோர்ட்டில் அதைத் தன் அடியிலேயே வைத்து உட்கார்ந்துகொண்டது.

"கீரிக்குச் சாதகமாக ஏதாவது கிடைத்திருந்தால் அதையும் காட்ட வேண்டும், வக்கீலே" என்றது நீதிபதி எருமை.

"ஒன்றுமே இல்லை, கனம் கோர்ட்டார் அவர்களே!"

வாய்தாவுக்கு மேல் வாய்தா. எருமை நுழையும்போதெல்லாம் சபையே எழுந்து நிற்கும். வான்கோழி மட்டும் மூட்டுவலி என்று உட்கார்ந்தே இருக்கும்.

தீர்ப்பு நாளன்று எருமை வாயைத் திறந்தபோது வான்கோழிக்கு அடிவயிற்றில் குறுகுறுத்தது. ஈரத்தலையோடு ஒரு வாத்துக்குஞ்சு வெளியே எட்டி, அண்ணாந்து பார்த்து, "அம்மா!" என்றது.

கோர்ட்டே குலுங்கிச் சிரித்தது. வாத்து அழுதுகொண்டே ஓடிவந்தது.

கூண்டிலிருந்த கீரி கும்பிட்டுச் சொன்னது: "சாட்சியிடம் எனக்குக் கேள்வி எதுவும் இல்லை, ஐயா!"