கண்ணாடிக் கூண்டு

தன் ரகத்தில் முதன்முதலாக வந்த ஜெட் போர் விமானங்களில் அது ஒன்று. ஆரம்பத்தில் அந்த ரகம் நடுவானில் இஞ்சின் அணைந்து பல விமானிகளை விழுங்கியது. பிறகு குறை தீர்ந்து, இது ஒரு சண்டையும் பார்த்து, பயிற்சிக்கு ஓடித் தேய்ந்து, இப்போது பழைய இரும்புக் கடை வெயிலில் கிடந்தது. விமானி உட்காரும் கண்ணாடிக் கூண்டு மட்டும் திறக்கவே இல்லை. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மூடிக் கிடப்பது எதுவானாலும் அறுக்குமுன் தட்டிக் குரல் கொடுப்பது அங்கே வழக்கம். பூனையோ பாம்போ இருந்தால் ஓடிவிடும். அறுக்க வந்த சேர்மக்கனி தட்டினார்.

“உள்ள இருந்தா வெளிய வந்துரு.”

“பைலட்டு தூங்குதாரு அண்ணாச்சி, காப்பி வாங்கிட்டு வரட்டா?” என்று சிரித்தான் கூட வேலைபார்க்கும் பவுல்ராசு.

கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல ஆவி படிந்தது. சேர்மக்கனி துண்டால் துடைத்தார். போகவில்லை. ஆவி உட்பக்கம் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கை அகலத்துக்கு அது உள்ளிருந்து துடைபட்டது.

பவுல்ராசு வாசலை நோக்கி ஓடினான். சேர்மக்கனியும் இரண்டடி பின்னால் போனார். ஆனால் மூச்சு இருக்கிற இடத்தை விட்டுவிட்டு எப்படிப் போவது? அறுக்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு கண்ணாடியருகே போனார்.

“ஐயா, மேல அறுக்கப் போறேன். தலையக் குனிஞ்சிக்கிடுங்க.”

கண்ணாடிக்குள் ஒரு நிழல் மெல்லத் தாழ்ந்தது.